36 வயதில் முதல் பிள்ளை: வெள்ளவத்தைத் தங்கச்சிக்கு ஒரு பதில்

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். கேட்டவர் வெள்ளவத்தையில் இருக்கிறார். வயது 36. வங்கியில் வேலை. கலியாணம் முடிந்து எட்டு மாதம். கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூன்று கிழமை லீவில் வருவார். "இன்னும் ஒன்றும் தங்கவில்லை. மாமி நேர்த்தி வைக்கச் சொல்கிறார். வேலை இடத்தில் ஒரு அக்கா, ஏ.எம்.எச். என்ற இரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு நேராக ஐ.வி.எஃப். (முட்டையையும் விந்தணுவையும் உடலுக்கு வெளியே சேர்த்துக் கரு உருவாக்கும் சிகிச்சை) செய் என்கிறார். ஒரு டொக்டர் ஒரு வருடம் பார்த்துவிட்டு வாங்கோ என்றார். நான் பிந்திவிட்டேனா? இந்த வயதில் பெற்றால் பிள்ளைக்குக் குறை வருமா?"

கொழும்பில் கர்ப்பிணித் தாய்மாருக்கான கிளினிக்குகளிலும் பிரசவ விடுதிகளிலும் வேலை செய்தே என் காலம் போனது. அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

நீங்கள் பிந்தவில்லை, தங்கச்சி. 36இல் முதல் பிள்ளை பெறும் தாய்மார் இப்போது எங்கள் விடுதிகளில் சாதாரணமாக இருக்கிறார்கள். பெரும்பாலானோர் சுகமான பிள்ளையுடன்தான் வீடு போகிறார்கள். ஆனால் "ஒரு வருடம் பார்த்துவிட்டு வாங்கோ" என்பது 35 வயதுக்குக் குறைந்தவர்களுக்கான கணக்கு. 35 தாண்டினால் ஆறு மாதம் முயன்று பார்ப்பது போதும். 40 தாண்டினால் காத்திருக்காமலே பரிசோதனைக்குப் போகவேண்டும். ஆகவே நீங்கள் இப்போதே, இரண்டு பேருமாக, ஒரு பெண் நோயியல் வைத்திய நிபுணரைப் பாருங்கள்.

வயதில் ஏன் இவ்வளவு கவனம் என்றால், பெண்ணுக்கு முட்டைகள் புதிதாக உருவாவதில்லை. பிறக்கும்போது பத்து முதல் இருபது லட்சம் வரை இருக்கும். பெரியபிள்ளை ஆகும்போது மூன்று, நான்கு லட்சமாகக் குறைந்துவிடும். அதன் பிறகும் மாதாமாதம் பல நூறு முட்டைகள் வீணாகி, ஒன்று மட்டும் முதிர்ந்து வெளியே வரும். 32 வயதளவில் கருத்தரிக்கும் திறன் மெல்ல இறங்கத் தொடங்கி, 37க்குப் பிறகு வேகமாக இறங்குகிறது. சுகதேகியான ஒரு பெண்ணுக்கு 30 வயதில் ஒரு மாத முயற்சியில் கருத்தரிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 20 அளவில் இருக்கும். 40இல் அது ஐந்துக்கும் கீழே போய்விடும். நீங்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறீர்கள். இப்போது கிடைக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் 30இல் இருந்ததைவிடப் பெறுமதி அதிகம்.

சரி, உங்கள் எட்டு மாதத்தைக் கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம். கலியாண லீவு ஒன்று, அதன் பிறகு மூன்று கிழமை லீவு ஒன்று. அவ்வளவு நாள்தான் நீங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருந்திருக்கிறீர்கள். வெளியே வந்த முட்டை ஒரு நாளுக்கு மேல் உயிரோடு இருக்காது. விந்தணு ஐந்து நாள் வரை தாக்குப்பிடிக்கும். அதனால் முட்டை வெளியேறும் நாளும் அதற்கு முந்திய ஐந்து நாளுமாக, மாதத்தில் ஆறு நாள்தான் கருத்தரிக்கக்கூடிய காலம். 28 நாள் சுற்று உள்ளவருக்கு இது 9ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரை (மாதவிடாய் தொடங்கிய நாளே முதலாம் நாள்). இப்போது உங்கள் கணவர் 15ஆம் நாளில் கட்டுநாயக்காவில் வந்து இறங்குகிறார் என்று வையுங்கள். 21 நாள் நின்று, அடுத்த சுற்றின் 7ஆம் நாளில் திரும்பப் போகிறார். மூன்று கிழமை முழுக்க ஒன்றாக இருந்தும், அந்த ஆறு நாளில் ஒன்றுகூட உங்களுக்குக் கிடைக்கவில்லை.

கணவர் வெளிநாட்டில் இருக்கும் எத்தனையோ பெண்கள் "மூன்று வருடமாகப் பிள்ளை இல்லை" என்று கண்ணீரோடு வந்திருக்கிறார்கள். லீவுத் திகதிகளையும் மாதவிடாய்த் திகதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், உண்மையான முயற்சி நாலைந்து மாதத்துக்கு மேல் வராது. அவர்களை ஊர் மலடி என்று சொல்லி முடித்திருக்கும். மிகக் கொடுமையான பேச்சு அது.

ஆகவே முதலில் உங்கள் மாதவிடாய்த் திகதிகளை ஒரு நாட்காட்டியில் குறியுங்கள். மூன்று நான்கு மாதம் எழுதினால் உங்கள் சுற்று எத்தனை நாள் என்பது தெளிவாகும். அடுத்த மாதவிடாய்க்கு ஏறக்குறைய 14 நாள் முன்னர் முட்டை வெளியேறும். கணவர் அதைப் பார்த்து லீவு கேட்கட்டும். முடிந்தால் மூன்று கிழமையை ஐந்து கிழமையாக நீட்டட்டும், அப்போது எப்படியும் ஒரு கருத்தரிக்கும் காலமாவது உள்ளே விழும். முட்டை வெளியேறுவதைக் காட்டும் சிறுநீர்ப் பட்டிகள் பாமசிகளில் கிடைக்கின்றன. சுற்று ஒழுங்கில்லாதவர்களுக்கு அவை உதவும். அந்த நாட்களில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சேர்ந்தாலே போதும். பரீட்சை மாதிரி மணி பார்த்து நடந்தால் இருவருக்கும் வெறுப்புத்தான் வரும்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். கோயில் திருவிழா, வீட்டுச் சடங்கு, யாருடையாவது கலியாணம் என்று மாதவிடாயைத் தள்ளிப்போடும் குளிசை எடுக்கிறீர்களா? எங்கள் பெண்கள் இதைப் பாமசியில் மிட்டாய் போல வாங்கி விழுங்குகிறார்கள். அந்த மாதத்துச் சுற்றை அது குழப்பிவிடும். பிள்ளைக்கு முயலும் காலத்தில் வேண்டாம்.

அப்புறம் கணவரின் பரிசோதனை. இதில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். பிள்ளை தங்காத தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேரில் ஆண் பக்கத்திலும் ஒரு காரணம் இருக்கிறது. ஆனால் எங்கள் வீடுகளில் நடப்பது என்ன? பெண் ஒவ்வொரு டொக்டராகச் சனல் பண்ணி, ஸ்கேன் எடுத்து, கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று மருந்து செலுத்திப் படம் பிடித்து, வலியெல்லாம் தாங்கி முடித்த பிறகுதான் ஆணுக்கு விந்துப் பரிசோதனை. அதுவும் மாமிக்குத் தெரியாமல். விந்துப் பரிசோதனைக்கு ஊசி இல்லை, வலி இல்லை, மற்றப் பரிசோதனைகளோடு பார்த்தால் செலவும் குறைவு. அதுதான் முதலில் வரவேண்டும். இரண்டு முதல் ஏழு நாள் வரை உறவு இல்லாமல் இருந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் தோஹாவிலேயே செய்து அறிக்கையை அனுப்பலாம். விந்தணு உருவாகி முதிர இரண்டரை மாதமளவில் எடுக்கும். ஆகவே லீவுக்கு மூன்று மாதம் முன்னரே சிகரெட்டை நிறுத்தச் சொல்லுங்கள். லீவை நீட்டவே முடியாது என்றால், விந்தை உறைய வைத்துப் பாதுகாத்து, நீங்கள் தனியே இருக்கும் மாதத்தில் அதைக் கருப்பையில் செலுத்தும் வழியும் உண்டு. தனியார் கருவளச் சிகிச்சை நிலையங்களில் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

ஏ.எம்.எச். பற்றி வேலை இடத்து அக்கா சொன்னது பாதி சரி. அந்த இரத்தப் பரிசோதனை சூலகத்தில் முட்டைகள் எவ்வளவு மீதம் என்பதை மட்டும் ஓரளவு காட்டும். தரத்தைக் காட்டாது. இயற்கையாகக் கருத்தரிப்பீர்களா மாட்டீர்களா என்பதையும் சொல்லாது. ஏ.எம்.எச். குறைவாக இருந்தும் இயல்பாகத் தங்கியவர்கள் நிறையப் பேர். ஐ.வி.எஃப். என்று வந்தால் ஊசி மருந்தின் அளவைத் தீர்மானிக்க அது உதவும். அந்த ஓர் இலக்கத்தைப் பார்த்துப் பயந்து கடன் பட்டுவிடாதீர்கள்.

ஐ.வி.எஃப். நல்ல சிகிச்சைதான். குழாய் அடைப்புக்கும், விந்தணு மிகக் குறைந்தவர்களுக்கும் அது பெரிய வரம். ஆனால் வயதை அது பின்னால் திருப்பாது. 35க்கு முன் கருப்பையில் வைக்கும் ஒவ்வொரு மூன்று கருவுக்கும் ஒரு பிள்ளை என்ற அளவில் கிடைத்தால், 40 தாண்டியவர்களுக்குச் சொந்த முட்டையில் பத்துக்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது. கொழும்பில் இது பெரும்பாலும் தனியாரிடம், லட்சக்கணக்கில் செலவு. போனால் ஒரு கேள்வியை விடாமல் கேளுங்கள்: "என் வயதுக்காரரில் நூறு பேர் தொடங்கினால் எத்தனை பேர் பிள்ளையைக் கையில் எடுத்தார்கள்?" எத்தனை பேருக்குப் பொசிடிவ் வந்தது என்பது அதற்குப் பதில் ஆகாது. கணவரின் அறிக்கை நல்லது, உங்கள் குழாய்கள் திறந்திருக்கின்றன, முட்டை மாதாமாதம் வெளியேறுகிறது என்றால், முதலில் லீவுத் திகதியைத் திருத்துவதுதான் வேலை.

இதற்கிடையில் உங்கள் பகுதி மிட்வைஃபைத் (அரச குடும்பநல மருத்துவிச்சி) தேடிப் போங்கள். கிராமங்களில் அவரே வீடு தேடி வருவார். வெள்ளவத்தை அடுக்குமாடிகளில் புதிதாகக் கலியாணம் முடித்து ஒருத்தி வந்திருப்பது அவருக்குத் தெரியவே வராது. வாசலில் செக்கியூரிட்டி, மேலே பூட்டிய கதவு, பகலில் நீங்கள் வேலையில். கொழும்பு நகரத்துக்குள் இந்தச் சேவை மாநகர சபையின் சுகாதாரப் பிரிவின் கீழ் நடக்கிறது. போய்ப் பதிந்தால் ஃபோலிக் அமிலக் குளிசை இலவசமாகக் கிடைக்கும். கரு தங்குவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்தே அது உடம்பில் இருக்க வேண்டும். பிள்ளையின் முள்ளந்தண்டு உருவாகி மூடுவது, நாள் தள்ளிப்போனது உங்களுக்குத் தெரியவரும் அதே கிழமைகளில்தான். ருபெல்லா (ஜேர்மன் சின்னமுத்து) தடுப்பூசி போட்டதற்குப் பதிவு இல்லை என்றால் இப்போதே போட்டு, ஒரு மாதம் பொறுத்து முயலுங்கள். கர்ப்பத்தில் அதைப் போட முடியாது. சீனி, பிரஷர், தைரொயிட், இரத்தச்சோகை எல்லாம் பாருங்கள். தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் இருக்கிறதா என்று பார்க்கவும் இரத்தம் கொடுங்கள், சொந்தத்துக்குள் கலியாணம் என்றால் கட்டாயம்.

சீனியை மட்டும் தனியாகச் சொல்கிறேன். முப்பத்தைந்து தாண்டிய எங்கள் பெண்களில் பலருக்கு நீரிழிவு ஏற்கனவே தொடங்கியிருக்கும். உடம்பு ஒன்றும் காட்டாது. அது தெரியாமல் கர்ப்பம் தங்கி, முதல் இரண்டு மாதம் சீனி உயர்ந்தே இருந்தால் பிள்ளையின் இதயமும் முள்ளந்தண்டும் பாதிக்கப்படலாம். எச்.பி.ஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) 6.5க்குக் கீழே வந்த பிறகு கருத்தரிப்பது நல்லது. தாயின் வயதைப் பற்றி ஊர் பேசும் அளவுக்கு இந்தச் சீனியைப் பற்றிப் பேசினால் எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றலாம்.

பிள்ளைக்குக் குறை வருமா என்ற கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். வயதோடு கூடுவது முக்கியமாக டவுன் சிண்ட்ரோம் போன்ற குரோமோசோம் மாற்றங்கள். 20 வயதுத் தாய்க்கு ஏறத்தாழ 1,500இல் ஒரு பிள்ளை. 30இல் 900இல் ஒன்று. 35இல் 350இல் ஒன்று. 40இல் 100இல் ஒன்று. 45இல் 30இல் ஒன்று. அதாவது 35இல் 350 தாய்மாரில் 349 பேரின் பிள்ளைக்கு அது இல்லை. கரு கலைவதும் வயதோடு கூடும்: இருபதுகளில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து, 35 தாண்டினால் இருபது இருபத்தைந்து, 40க்கு மேல் மூன்றில் ஒன்றுக்கும் அதிகம். அப்படி நடந்தால் நீங்கள் படியேறியதாலோ, பப்பாசி சாப்பிட்டதாலோ, பஸ்ஸில் போனதாலோ அல்ல. ஆரம்பத்தில் கலையும் கருக்களில் பாதிக்கு மேல் குரோமோசோம் பிழையோடு உருவானவை.

இதைக் கண்டுபிடிக்க 11 முதல் 14 கிழமைக்குள் கழுத்துப் பின்புற நீரை அளக்கும் ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் உண்டு. 10 கிழமை முடிந்தபின் என்.ஐ.பி.டி. என்ற இரத்தப் பரிசோதனையும் செய்யலாம். டவுன் சிண்ட்ரோமை நூற்றுக்கு 99 அளவில் பிடித்துவிடும், ஆனால் விலை கூட. இவை இரண்டும் சந்தேகத்தைச் சொல்பவை. உறுதியாகச் சொல்ல, 15 கிழமைக்குப் பிறகு பனிக்குட நீரை ஊசியால் எடுத்துப் பார்க்க வேண்டும். அதில் கரு கலையும் ஆபத்து நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு.

இந்தப் பரிசோதனைக்குப் போக முன்னர் இருவரும் ஒன்றைக் கதைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வெளிநாட்டுத் தளங்களை வாசித்துவிட்டு வருபவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சியாக இருக்கிறது. இலங்கையில், 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவின்படி, தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்காக அன்றிக் கருக்கலைப்புச் செய்வது குற்றம். பிள்ளைக்குக் குறை என்று தெரிந்தாலும் சட்டம் இடம் கொடுக்காது. பிறகு ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்பீர்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இதயத்திலும் குறை இருக்கும். முன்கூட்டியே தெரிந்தால், பொரளையில் லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை பக்கத்தில் இருக்கும் இடமாகப் பார்த்துப் பிரசவத்தை வைத்து, முதல் நாளே இதய வைத்தியரிடம் காட்டலாம். மனதை ஆயத்தப்படுத்தவும் அவகாசம் கிடைக்கும். "எது வந்தாலும் எங்கள் பிள்ளை, தெரியவேண்டாம்" என்று பரிசோதனையை மறுத்த தம்பதிகளும் உண்டு. அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் 18 முதல் 22 கிழமைக்குள் எடுக்கும் உறுப்பு ஸ்கேனை மட்டும் யாரும் விடவேண்டாம்.

கர்ப்பம் தங்கிய பின் இந்த வயதில் நாங்கள் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது சீனியும் பிரஷரும்தான். குளுக்கோஸ் குடிக்கத் தந்து எடுக்கும் சீனிப் பரிசோதனை முதல் கிளினிக்கிலும், 24 முதல் 28 கிழமைக்குள் இன்னொரு முறையும் நடக்கும். இரண்டாவதைத் தவறவிடாதீர்கள், முதலாவது நன்றாக வந்திருந்தாலும். பிரஷர் ஏறும் ஆபத்து முதல் பிள்ளைக்கே கூட; வயதும் உடம்புப் பருமனும் சேர்ந்தால் இன்னும் கூடும். அப்படிப்பட்டவர்களுக்கு 12ஆம் கிழமையிலிருந்து குறைந்த அளவு அஸ்பிரின் கொடுத்தால் ஆபத்துக் குறையும். "எனக்கு அஸ்பிரின் தேவையா?" என்று நீங்களே டொக்டரிடம் கேளுங்கள். தாங்கமுடியாத தலையிடி, கண் மங்கல், மேல்வயிற்று நோ, முகம் வீங்குதல் என்றால் விடியட்டும் என்று பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கொழும்பு என்றபடியால் இதையும் சொல்கிறேன்: கர்ப்பத்தில் காய்ச்சல் வந்தால் டெங்கு என்றே நினைத்து அன்றே காட்டுங்கள், பரசிட்டமோல் தவிர வேறு நோக் குளிசை தொடவேண்டாம்.

வயது கூடினால் சீசர்தான் என்பது விதியல்ல. வீதம் கூட என்பது உண்மை. பிரிட்டனில் 35 தாண்டிய முதல் பிள்ளைத் தாய்மார் 619 பேரை வைத்துச் செய்து 2016இல் வெளியான ஆய்வில், 39ஆம் கிழமையில் வலியைத் தூண்டியதால் சீசர் கூடவில்லை என்று கண்டார்கள். 40 தாண்டிய தாய்க்கு 39, 40ஆம் கிழமையில் பிள்ளை வயிற்றிலேயே இறக்கும் ஆபத்து ஆயிரத்துக்கு இரண்டு, இளம் தாய்க்கு ஒன்று. அதனால்தான் இந்த வயதில் திகதி தாண்ட விடுவதில்லை. டொக்டர் முன்கூட்டியே வலி வரவைக்கிறார் என்றால் அவசரப்படுகிறார் என்று நினைக்காதீர்கள்.

எந்த ஆஸ்பத்திரி என்றும் கேட்பீர்கள். என் அபிப்பிராயம்: ஒரு பிரச்சினையும் இல்லாதவருக்குத் தனியார் அறையும் சரிதான். சீனியோ பிரஷரோ வந்துவிட்டால், 1879இலிருந்து இயங்கும் டி சொய்சா மகளிர் வைத்தியசாலை, காசல் வீதி மகளிர் வைத்தியசாலை மாதிரியான அரச இடமே பாதுகாப்பு. இரவு இரண்டு மணிக்கும் டொக்டர்மாரும் குறைமாதப் பிள்ளைகளைப் பார்க்கும் பிரிவும் அங்கே ஆயத்தமாக இருக்கும். சனம் கூட, கட்டிலுக்குப் பக்கத்தில் கணவரை வைத்திருக்கப் பெரும்பாலும் முடியாது, மொழியும் சிலவேளை தடங்கல். விளங்காவிட்டால் தலையாட்டாமல், தமிழ் தெரிந்த ஒரு நேர்ஸைக் கூப்பிடச் சொல்லிக் கேளுங்கள். அது உங்கள் உரிமை. எங்கு பெறுவதாக இருந்தாலும் மிட்வைஃபின் கிளினிக்கில் பதிந்து, அந்தக் கர்ப்பப் பதிவு அட்டையை எப்போதும் கைப்பையில் வையுங்கள்.

மாமியோடு சண்டை வேண்டாம். நேர்த்தி வையுங்கள், பம்பலப்பிட்டிக் கதிரேசனுக்கோ கொச்சிக்கடை அந்தோனியாருக்கோ மனம் விரும்பினால் போங்கள். மனதுக்கு அது பெரிய ஆறுதல். கந்தசஷ்டி விரதத்தை மட்டும் சீனிக்குக் குளிசை எடுப்பவராகவோ கர்ப்பவதியாகவோ இருந்தால் விட்டுவிடுங்கள், முருகன் கோபிக்கமாட்டார். மாமிக்கு விளக்கும் வேலையைக் கணவரிடம் கொடுங்கள். "அவவைக் கேளாதீங்கோ அம்மா, நான் லீவில் நின்ற நாள் எத்தனை?" என்று மகன் ஒரு முறை கேட்டால், ஊர் வாயில் பாதி அடங்கும்.

உங்களைப் போல முப்பதுகளின் நடுவில் கலியாணம் முடித்த பெண்கள் யாரும் பிள்ளையை விரும்பாமல் தள்ளிப்போட்டவர்கள் அல்ல. யுத்தத்தில் இடம்பெயர்ந்து படிப்பை முடித்து, தங்கச்சிமாரைக் கரைசேர்த்து, சீதனமும் செவ்வாய்க் குற்றமும் விசாவும் தடையாக நின்ற வருடங்களைத் தாண்டி வந்தவர்கள். "ஏன் இவ்வளவு பிந்தினாய்?" என்று அவர்களிடம் கேட்க யாருக்கும் வாய் வரக்கூடாது.

இரண்டாவது பிள்ளையும் வேண்டும் என்று மனதில் இருந்தால் முதல் பிரசவத்தின்போதே டொக்டரிடம் சொல்லுங்கள். இளம் தாய்மாருக்கு இரண்டு வருட இடைவெளி சொல்வோம். உங்கள் வயதில் அவ்வளவு நீட்ட முடியாமல் போகலாம். சாதாரண பிரசவம் என்றால் முதல் பிள்ளைக்கு ஒரு வயது முடிந்ததும் திரும்ப முயலலாம். சீசர் என்றால் தையல் இறுக ஒன்றரை வருடம் விடுங்கள். அதுவரை ஒரு கருத்தடை முறை தேவை, பால் கொடுக்கிறேன் என்று அதையே நம்பியிருக்க வேண்டாம். முதல் கர்ப்பத்தில் சீனி வந்திருந்தால், பிறந்து ஆறு கிழமையில் ஒரு முறையும் அடுத்ததற்கு முயல முன்னர் ஒரு முறையும் திரும்பப் பாருங்கள்.